உப்புக்காற்றுக்குப் போட்ட கவர்

கோவளம். செவ்வாய், இரவு.

மத்தியானம் நான் சமையலறையில் இருந்தேன். பாப்பா தூங்குவதை ஃபோன் காட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் அறையிலிருந்து அழுகைச் சத்தம். ஓடினேன். தொட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தொட்டிலைப் பார்த்து வைத்திருக்கும் கேமரா எப்போதோ நின்றுபோய், ஃபோனில் பழைய படமே உறைந்திருக்கிறது.

படம் தேங்கித் தேங்கி வருகிறதென்று, கேமராவை ஓட்டும் சின்ன கம்ப்யூட்டர் போர்டின் வேகத்தை ஞாயிறன்றுதான் இவர் ஏற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் சூடு பார்த்து. சாயங்காலம் நாவலூர் ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே அதனிடம் போனார்.

"இன்னாடி இது, இதுக்கும் ரெயின்கோட்டா?"

டிவி ரிமோட்டுக்குச் செய்வதுபோல் நேற்று நான்தான் போர்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர்பேண்ட் போட்டிருந்தேன்.

"உப்புக்காத்துல துரு புடிச்சுடும்னுதான்..."

"வேகம் ஏத்தினா சூடாவும். அதுக்குத்தான் ஃபேன் வெச்சேன். நீ மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டிட்டியே."

சிரித்துக்கொண்டே கவரைப் பிரித்தார். பிறகு நான் கேட்காமலே வேகத்தை ஒரு படி குறைத்தார். "உனக்காக" என்றார்.

இப்போது ஃபோனில் படம் ஒழுங்காக ஓடுகிறது. இருந்தாலும் எழுந்து போய்ப் பாப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடில்லை. திரும்பும்போது போர்டின் மேலும் வைத்துப் பார்த்தேன். அதற்கும் பரவாயில்லை.