ஒயிலாட்டத் துணியில் ஓடிய சாயம்

சின்னாளபட்டி
12-5-85

அன்பு மகன் முத்துக்கிருஷ்ணனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், சூரத் மில்லில் நீயும் சுகம் என்று உன் கடிதம் வந்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பாண்டிச்செல்விதான் எழுதுகிறாள்.

அவள் விஷயம்தான் இது. நம் இளைஞர் மன்றத்துப் பொன்னழகு நடத்தும் ஒயிலாட்டக் குழுவில் இந்த வருசம் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள், இவளும் போய் நின்றாள். ஆம்பளைகள் ஆட்டத்தில் உனக்கென்ன வேலை என்று நான் வீடே அதிரக் கத்தினேன், இவள் அசைந்தால்தானே. நாகல் நகரில் முதல் ஆட்டம், கையில் வீசுகிற துணிக்கெல்லாம் நீங்களே சிவப்புச் சாயம் போட்டுத் தாங்கப்பா என்று வேறு கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். ஆட்டத்தில் வேர்வை பட்டதும் சாயம் ஓடி, பிள்ளைகள் கையெல்லாம் சிவப்பு, வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. கூட்டம் சிரித்தது. சாயக்காரர் வீட்டுத் துணியா இப்படி என்று பொன்னழகு கேட்டதற்கு, நான்தான் சரியா அலசலை என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பத்து நாளாகப் பயிற்சிக்குப் போகவில்லை. இனி போக மாட்டேன் என்கிறாள். தட்டில் சோறு அப்படியே இருக்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை.

தம்பி, அவள் நன்றாகத்தான் அலசினாள். சாயம் பிடிக்கும் முன்பே தொட்டியிலிருந்து எடுத்தவன் நான். ஓடும் என்று தெரியும், ஓடட்டும் என்றுதான் கொடுத்தேன். முப்பது வருசச் சாயக்காரன் செய்கிற வேலையா இது. இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுது தாயி, இதையும் எழுது என்று நான்தான் சொல்கிறேன். நேற்றே புதுத்துணி வாங்கித் தொட்டியில் போட்டாயிற்று. நாளைக் காலையில் நானே கொண்டுபோய்ப் பொன்னழகிடம் கொடுத்து நடந்ததைச் சொல்லப்போகிறேன். அவள் வந்தால் என்கூட வரட்டும்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. கோட்டை மாரியம்மன் உன்னைக் கண்போல் காப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சோலைமலை

அண்ணே, இதை மட்டும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டலை. சாயம் பிடிக்கலைன்னு அன்னைக்குத் துணியக் கையில வாங்குனப்பவே எனக்குத் தெரியும். அப்பா குடுத்ததுன்னுதான் ஆடுனேன். நாளைக்கு அப்பா கூடப் போறேன்.