தொட்டியில் நான் ஊற்றியது

செப். 18, வெள்ளி

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை, கணுக்கால் வரை நிற்கிறது. மேலே கொழுப்புப் படலம், இரண்டு சோற்றுப் பருக்கை. வாளியைச் செங்கல் மேல் தூக்கி வைத்துக் குளித்தேன்.

பஸ் இன்றும் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் மறியல், சேலம் ரோட்டில் புளிய மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். மலையடிவாரத்தில் எங்கள் ஊருக்குப் போகிற ரோடும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவது நடக்காது. அப்பாவுக்குக் கடிதம் எழுதலாம் என்றால் தபால் பையும் நகரவில்லை.

ஆபீசில் பாதி நாற்காலி காலி. ஹெட் கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இன்னாம்மா, உங்க ஆளுங்க ஒரு மரத்தயும் வுட்டு வெக்க மாட்டாங்க போலக்குதே?" கேட்கிறாரா, கிண்டல் செய்கிறாரா, தெரியவில்லை. ஸ்டாம்ப் பேடை மூடி வைத்தேன். பதில் சாயங்காலம் நடந்து வரும்போது தோன்றியது. நல்ல பதில். யாரிடம் சொல்வது?

வீட்டுக்கார பாயம்மா குளியலறையை எட்டிப் பார்த்தார். "பாப்பா, எல்லாம் உன் முடிதான். இம்மா நீட்டு முடிய வெச்சிக்கினு இங்கயே சீவுனா? உனக்கு முன்னாடி இருந்த பொண்ணும் இப்டித்தான் அடச்சி வெச்சுது. அனுப்பிட்டேன். சரி பண்ணு, இல்லன்னா வேற எடம் பாத்துக்க. சிமிட்டி புதுசு, ஆசிட் கீசிட் ஊத்திப்புடாத."

போன ஞாயிறு அவர் பேரனுக்குப் பெயர் வைத்த விருந்து. பிரியாணி தேக்சா மூன்றையும் இந்தக் குளியலறையில்தான் வைத்துக் கழுவினார்கள். நானே பார்த்தேன். முடி இல்லை, ஆட்டுக் கொழுப்பு என்று சொல்லியிருக்கலாம்.

தலையாட்டினேன்.

செப். 19, சனி

வெயில். அரை நாள் ஆபீஸ். கடைகள் பாதி ஷட்டர்.

குளியலறைத் தண்ணீர் குழாய் வழியாகப் பின்வாசல் சிமெண்ட் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து தெருச் சாக்கடைக்குப் போகிறது. குளியலறைப் பக்கமும் தண்ணீர், தொட்டியிலும் தண்ணீர். ஆக, அடைப்பு தொட்டிக்கு அந்தப் பக்கம்.

என்ன செய்யலாம்:
1. கொதிநீர் + சலவை சோடா. காலையில் செய்தேன். ஒரு அங்குலம் இறங்கி நின்றுவிட்டது.
2. மூங்கில் பிளாச்சு. குழாய் வளைவில் முட்டித் திரும்புகிறது.
3. அடைப்பை அழுத்தி இழுக்கிற ரப்பர் கப். இந்த ஊரில் யாரிடம் இருக்கும்?
4. ஆசிட். கொழுப்புக்குப் பயன் இல்லை. பாயம்மாவும் கூடாது என்றுவிட்டார்.
5. காஸ்டிக் சோடா. கொழுப்பைக் கரைக்கும். இரண்டாம் ஆண்டு பிராக்டிகல்.
6. ஆள் கூப்பிடுவது. நான் போய்க் கூப்பிட வேண்டும், பேச வேண்டும்.

ஐந்து.

எங்கள் குடும்பத்தில் முதல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இந்த ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் டைப் அடித்ததைத் தவிர எதற்கும் உதவவில்லை. இன்று உதவட்டும்.

பெயிண்ட் கடையில் கேட்டதும், "சோப்பு காய்ச்சப் போறியாம்மா?" ஆமாம் என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. உண்மைக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

பாயம்மா தொழும் நேரமாகப் பார்த்து ஊற்றினேன். தொட்டி சூடானது. லேசான ஆவி. மூடியை மெல்ல இழுத்து வைத்தேன். 'ஆசிட் கூடாது என்றுதானே சொன்னார், இது ஆசிட் இல்லை' என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டேன். அப்படியானால் ஏன் ஒளிந்து ஊற்றினேன்?

செப். 20, ஞாயிறு

பஸ் இல்லை. தெருவில் சைக்கிள் மணிச் சத்தம் மட்டும். தண்ணீர் அப்படியே நிற்கிறது.

மீதியிருந்த காஸ்டிக்கையும் ஊற்றினேன். அளவு பார்க்கவில்லை. மதியம் மூடியைத் தூக்கிப் பார்த்தால், தண்ணீருக்குள் குழாய் வாயில் வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. குச்சியால் குத்தினேன். மெழுகு போல, கெட்டி.

பிறகுதான் உறைத்தது. கொழுப்பும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சோப்பு. உப்புப் போட்டால் சோப்பு பிரிந்து கெட்டியாகும் என்று ரெக்கார்ட் நோட்டில் நானே அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். இந்த வீட்டுக் கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு. பெயிண்ட் கடைக்காரரிடம் பொய் சொல்லவில்லை போலும். சோப்புதான் காய்ச்சியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அறைக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

சோறு, நேற்றைய புளிக்குழம்பு. இன்று முழுதும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று இப்போதுதான் நினைவு வருகிறது.

செப். 21, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஏழரை. தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் பேச்சுக் குரல். பாயம்மா என்னிடம் சொல்லாமல் ஆள் வரச் சொல்லியிருக்கிறார். தெருக் கூட்டி, சாக்கடை வாருகிற அஞ்சலை அக்கா. நாற்பது வயது இருக்கும். தினமும் பார்க்கிறேன், பேசியதில்லை.

"இன்னா பாயம்மா, மூணு நாளா உட்டுட்டு இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா? பிரியாணி போட்ட அன்னிக்கி வரல?"

"வாய் பேசாத அஞ்சல. இந்தா, இதான் தொட்டி."

"கம்பி வோணாம். கைய உட்டாத்தான் இன்னா கீதுன்னு தெரியும்."

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கதவு. அதுவும் சாத்தாத கதவு. மூடியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். வளையலைக் கழற்றிச் சுவர் மேல் வைத்தார். அப்போதும். சேலையைச் செருகிக்கொண்டு குந்தினார். அப்போதும். நான் யோசித்ததை எழுதிவிடுகிறேன்: சொன்னால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், ரோடெல்லாம் மரம், எங்கே போவேன். இதைத்தான் யோசித்தேன். வேறொன்றும் இல்லை.

"இன்னா பாயம்மா, உள்ள வழவழன்னுது?"

அந்த வழவழப்பு எனக்குத் தெரியும். லேபில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். காஸ்டிக் பட்டு விரல் வழுக்கினால் கரைவது தோல்.

"அக்கா, கைய எடுங்க!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அரைப் பின்னலோடு ஓடினேன். முழங்கை வரை நனைந்திருந்தது. பிடித்து இழுத்தேன். பாயம்மா பதறி, "அவளத் தொடாத, குளிக்கணும்" என்றார். குடத்துத் தண்ணீரைக் கையில் கவிழ்த்தேன். இரண்டாவது குடத்தில் எரிச்சல் தொடங்கிவிட்டது. அவர் கையை இழுக்கிறார், நான் விடவில்லை. கிணற்றிலிருந்து வாளி வாளியாக, நிறுத்தாமல் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே சொன்னேன். நான்தான் ஊற்றினேன், இரண்டு முறை, யாரிடமும் சொல்லவில்லை.

பாயம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

அஞ்சலை அக்கா அழவில்லை. வலியில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே, "ஆபீசரம்மா நல்லாத்தான் படிச்சிக்கீற" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே கூட்டிப் போனேன். உள்ளங்கை, மூன்று விரல். கட்டுப் போட்டார்கள். தண்ணீர் ஊற்றியதால் இந்த மட்டோடு போயிற்று என்றார் நர்ஸ். அதைக் கேட்டு ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆபீசுக்கு லீவு போட்டேன். மதியம் வந்து, தொட்டித் தண்ணீரை நானே தகர டப்பாவால் மொண்டு கொட்டினேன். தெருவில் திறந்திருக்கும் குழாய் முனையிலிருந்து கம்பியை விட்டு, குழாய் வாய்க்கு நேரே நிற்காமல் ஒதுங்கி, மெல்ல மெல்லக் குத்தினேன். கம்பி முனையில் கொக்கி. ஒன்றரை மணி நேரம். வெள்ளைக் கட்டி, என் முழங்கை நீளம், வெளியே விழுந்தது. தண்ணீர் ஓடியது. உள்ளே ஒரு முடிகூட இல்லை.

பாயம்மா ஜன்னலில் நின்று பார்த்தார். நான் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

செப். 22, செவ்வாய்

மழை, ஒரு மணி நேரம். தண்ணீர் நன்றாக இறங்குகிறது.

பாயம்மா கதவுக்கு வெளியே நின்றபடி: "நீ நல்ல பொண்ணுதான் பாப்பா. ஆனா சொல்லாம செய்ற ஆள வெச்சிக்கினு நான் எப்டி தூங்குவேன்? மாசக் கடைசிக்குள்ள பாத்துக்க." சரி என்றேன். அவர் சொல்வது தப்பில்லை.

சாயங்காலம் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனேன். ஏரிக்கரைப் பக்கம், கூரை வீடு. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வா, ஆபீசரம்மா. ஸ்பூன்ல துன்றத பாரு, நானும் ஆபீசராயிட்டேன்."

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"ஊட்டுக்கு ஊடு எதுனா ஊத்திட்டுத்தான் என்னைக் கூப்டறாங்க. ஆசிட்டு, பிளீச்சிங்கு, இன்னா இன்னாவோ. ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. நீ தொறந்த." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "கைய உட்டதுக்கு அப்புறம் தொறந்த" என்றார்.

தண்ணீர்ச் சொம்பை அவர் இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"கேட்டுட்டு கைய உடலாமில்ல அக்கா?" என்று கேட்டேன். "நான் கேட்டா, 'உனுக்கு எதுக்கு அது, வேலயப் பாரு'ம்பாங்க" என்றார்.

செப். 23, புதன்

வெயில். மரங்களை அப்புறப்படுத்துகிறார்களாம், நாளை பஸ் ஓடலாம். அறை தேட வேண்டும்.

எட்டே கால். பக்கத்துத் தெருவில் அஞ்சலை அக்கா, கட்டுப் போட்ட கையோடு. இடது கையால் ஒரு வீட்டு வாசல் தொட்டி மூடியை நகர்த்திக்கொண்டிருந்தார். லீவு இல்லையாம். நான் தாண்டிப் போய்விட்டேன். பத்தடி. திரும்பி வந்தேன்.

அந்த வீட்டு அம்மா படியில் காபி டம்ளரோடு. யாரென்று தெரியாது. அவரிடம் கேட்டேன்.

"உள்ள எதுனா ஊத்தியிருக்கீங்களா?"

"யாருமா நீ?"

"கை விடப் போறாங்க. எதுனா ஊத்தியிருந்தா சொல்லிடுங்க."

அஞ்சலை அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தார். இடது கை மூடியின் மேலேயே இருந்தது.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "நேத்து பொழுதோட அரை பாட்டில் ஆசிட் ஊத்தனாரு, எங்கூட்டுக்காரரு."

அஞ்சலை அக்கா மூடியைத் திரும்ப இழுத்து மூடினார். "நாலு குடம் தண்ணி கொண்டாங்க மொதல்ல."

அந்த அம்மா உள்ளே போனார். குடத்தோடு வந்தார்.

ஆபீசுக்கு இருபது நிமிடம் லேட். ஹெட் கிளார்க் காரணம் கேட்டார். சொன்னேன்.