வளைவில் குரல் கொடுப்பது

ஐப்பசி 9, திங்கள்

விடாத தூறல். கடைத் துணியெல்லாம் ஈர வாடை. தேயிலைத் தோட்டத்துத் தபால்காரன் வந்தான். செல்லம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டதாம். "அக்கா வந்தாத்தான் பெத்துக்குவேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தங்கையா அது, கழுதை. விடியலில் கிளம்புகிறோம்.

எடுத்துப்போக: பழந்துணி, சுக்கு, பெருங்காயம், நல்லெண்ணெய், இவருக்குக் கம்பளி.

இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மழையில் நின்று ஊர்க்கதை பேசியதன் பலன். வீடு நிம்மதி. சாயங்காலத்துக்குள் அந்த நிம்மதியும் அலுத்துவிட்டது.

ஐப்பசி 10, செவ்வாய். தோட்டம்.

வழியெல்லாம் பனிமூட்டம். ஒற்றையடிப் பாதை, இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் பள்ளம். சுமையோடு வருகிறவர்களுக்குத்தான் முதல் வழி. வெறுங்கைக்காரர் மேட்டோரம் ஒதுங்க வேண்டும். வளைவுக்கு முன் குரல் கொடுத்து, பதில் வந்தபிறகுதான் நடை. இவர் கொடுக்கும் குரல் பசறை ஊர் வரை பிரசித்தம். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

இன்று பெரிய வளைவில் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. நீ கூப்பிடு என்று கையைக் காட்டினார். கடைவீட்டுப் பெண் நடுக்காட்டில் கத்துவதா? ஆனால் எதிரே மாட்டு மணிச் சத்தம். பொதிமாடு மிரண்டால் எல்லாரும் பள்ளத்தில். கத்தினேன்.

"ஓ... யாரு வர்றது?"

மணி நின்றது. பதில் இல்லை. மறுபடி கத்தினேன். மூட்டத்துக்குள்ளிருந்து, "முருகா! மோகினிடா, மாட்டைத் திருப்பு!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மோகினி இல்லீங்க! பதுளைத் துணிக்கடைக்காரர் சம்சாரம்! தங்கச்சிக்குப் பிரசவம், சீக்கிரம் போகணும்!"

மூட்டத்துக்குள் அதே குரல்: "வாங்க தாயீ. பிள்ளைப்பேறுன்னா பொதி நிக்கும்."

தேயிலைப் பொதியோடு மாடுகளை மேட்டோடு ஒட்டி நிறுத்தினார்கள். நாங்கள் பள்ளத்தோரமாக. இவர் என் கையை விடவில்லை. கடந்ததும் சிரித்துச் சிரித்து இவருக்கு இருமல்.

வந்து சேர்ந்தபோது செல்லம்மாவுக்கு வலி கண்டிருந்தது. "வந்துட்டியா" என்று ஒரே அழுகை. நானும்தான்.

ஐப்பசி 11, புதன்

பெண். எங்கள் வீட்டு மூக்கு. அழுகை தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை கேட்கிறது. "பெரியம்மா தொண்டை" என்று இவர் கிசுகிசுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார். கொழுந்தெடுக்கும் பெண்கள் வாசலில்: "மோகினி அக்கா இவுங்கதானா?" அதற்குள் மலை முழுக்கச் செய்தி.

ஐப்பசி 20, வெள்ளி. வீடு.

நல்ல வெயில். இவர் கூட்டிப்போக வந்தார். குரல் திரும்பிவிட்டது. குழந்தையை விட்டுவர மனசே இல்லை. என்னைத் தேற்றவோ என்னவோ, வழியெல்லாம் பேச்சு. பதுளைக்கு ரயில் வந்தால் அது ஆகும், இது ஆகும்.

பெரிய வளைவில் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"கூப்பிடுங்க" என்றேன்.

தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பச்சைப் பொய். கண்ணெல்லாம் சிரிப்பு. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று இவரிடம் சொன்னதே இல்லை. முந்தானையைத் தோளில் தள்ளிவிட்டுக் கூப்பிட்டேன். நன்றாக, அடிவயிற்றிலிருந்து. வளைவுக்கு அப்பாலிருந்து உடனே பதில்:

"வெறும் மாடுதான், நிக்கிறோம்! வாங்க, துணிக்கடை அக்கா!"