ஒவ்வொரு விரலாக

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் பெரியவளும் நலம். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

பெரியவளின் கைச் சிகிச்சை முடிந்துவிட்டது. குளத்தில் மூழ்கிப் போனபோது நம் குட்டி தன் அக்காவைப் பிடித்த பிடியில் பதிந்த நகக்கீறல்கள் எப்படித் தடித்து எழும்பி நின்றன என்று உங்களுக்குத் தெரியும். வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். ஊசிக்கு அடங்காதது இந்தப் புது லேசருக்கு அடங்கியது. ஒளியைப் பாய்ச்சித் தழும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடுகிறார்கள். உடனே மருந்தைத் தடவினால் அது அடிவரை இறங்குகிறது. முடி பொசுங்கிய வாடை வரும். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

ஒன்று சொல்ல வேண்டும். தழும்பு ஒரேயடியாக அமுங்கவில்லை. முதலில் சுண்டுவிரல் பதிந்த இடம் மட்டும் தட்டையானது. அடுத்த முறை அதன் பக்கத்து விரல். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானே வைக்கிறேன் என்று டாக்டரம்மாவே குழம்பினார். பஸ்ஸில் திரும்பும்போது இவள் ஜன்னலைப் பார்த்தபடி, "அம்மா, அவ ஒவ்வொரு விரலா எடுக்கறாம்மா" என்றாள். வாயை மூடு என்று அதட்டினேன்.

கட்டைவிரல் தடமும் போன அன்று பெரியவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! நேரே துணிக்கடைக்குப் போனோம். அவள் அரைக்கைச் சட்டையைப் போட்டுப் பார்க்க உள்ளே போனாள். வெளியே நின்ற என் கையை யாரோ சில்லென்று பிடித்தார்கள். திரும்பினேன். யாரும் இல்லை.

இப்போது என் முழங்கைக்குக் கீழே ஐந்து தடிப்புகள். கீறலோ காயமோ இல்லை. டாக்டரம்மா தடவிப் பார்த்து, "எப்ப அடிபட்டுச்சு?" என்றார். படவே இல்லை என்றேன். "கவலைப்படாதீங்க, உங்களுக்கும் லேசர் வச்சுடலாம்" என்றார். கையை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பெரியவளிடம் காட்டவில்லை. அவள் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்கு வலி இல்லை, அரிப்பும் இல்லை. வண்டிகள் நிறைந்த தெருவைக் கடக்கும்போது மட்டும் பிடி கொஞ்சம் இறுகுகிறது.

நீங்கள் வரும்போது இதைக் கரைக்கச் சொல்லாதீர்கள். அந்த நாளுக்குப் பிறகு நீங்கள் குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கோபமில்லை, கேட்டுக்கொள்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். அப்பா குரலுக்கு அவள் உடனே திரும்புவாள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் இரண்டு பிள்ளைகளின்
அம்மா