ஆணி கடித்த பல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம்தான், அவருடைய முன்பல் ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் மறுப்புச் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியாததா? சோபாவுக்குத் துணியை இழுத்து அடிக்கும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கும், ஆணியெல்லாம் வாயில் இருக்கும். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, முன்பல்லில் கடித்து நிறுத்தி, காந்தச் சுத்தியலில் ஒட்டி எடுத்து அடிப்பார். அந்தப் பல் விரிசல் விட்டு, உள்ளே சீழ் பிடித்து, மேலுதடு வீங்கிய பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தார். பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "பிடுங்கிப் போட்டுடுங்கம்மா, சனியன் ஒழியட்டும்" என்றார். அந்த டாக்டரம்மா சிரித்துவிட்டு, "வேர் கெட்டியா இருக்குங்க. பிடுங்குறது சுலபம், திருப்பி நட முடியாது" என்று ரூட் கேனால் செய்தார். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லில் சின்னத் துளையிட்டு, உள்ளே கெட்டுப்போனதையெல்லாம் சுரண்டி எடுத்து அடைத்தார். வலிக்கவே இல்லையாம்.

வீட்டுக்கு வருவார் என்று பார்த்தால், மனுஷன் நேரே பட்டறைக்குப் போய்விட்டார். உதடு மரத்துக் கிடக்கிறது, பழக்கதோஷத்தில் ஆணிகளை அள்ளி வாயில் போட்டிருக்கிறார். ஒன்று மேலுதட்டில் குத்தி நின்றது அவருக்கே தெரியவில்லை. வெள்ளைத் துணியில் ரத்தம் சொட்ட, சோபாவுக்குச் சொந்தக்கார அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. இவர் மட்டும், "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டாராம். மறுநாளிலிருந்து ஆணி தட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது வலி போய்விட்டது, ஐயாவுக்கு டாக்டரும் வேண்டாம். அந்தப் பல்லுக்கு மேலே உறை மாதிரி ஒரு கேப் போடாவிட்டால் வேரோடு பிளந்துவிடும், அப்புறம் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "அதான் வலி இல்லையே" என்கிறார் இவர். பல்லு போனால் சொல்லு போச்சு என்று நானும் கத்திப் பார்த்துவிட்டேன். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பல் வீணாகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று நேற்று மிரட்டினேன். அதற்கு அவர், "அவ என்னத்தைச் சொல்லப்போறா? போன வாரம் வீடியோ போன்ல பாத்தேன், தண்ணியக்கூட ஒரு பக்கமாவே வச்சுக் குடிக்கிறா. கேட்டா ஒண்ணுமில்லப்பாங்கிறா. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். நானும் உன் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லையே கண்ணு.

உப்புத் தண்ணீரில் கொப்பளித்து நாளைக் கடத்தாதே. பல்லைக் காப்பாற்ற முடியுமென்றால் பிடுங்கச் சொல்லாதே. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. "அவ போய் டாக்டர்கிட்ட காட்டட்டும், அன்னைக்கே நான் கேப் போட்டுக்கிறேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். பிடிவாதக்காரர்தான், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டார்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போய் வந்ததும் எனக்கு அல்ல, அவருக்குப் போன் செய். எப்போதும் போனை வீட்டில் மறந்துவிட்டுப் போகிற மனுஷன், நேற்றிலிருந்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா