சேற்றில் நிற்க வைத்தேன்

அம்மாவைக் கும்பிட்டு எழுதுகிறேன். மூட்டுவலி தேவலையா? எனக்கு லேசான சளிதான்.

போன வருஷம் நான் எடுத்த பறவைப் படத்தைத் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்கினானே என் அறைக்கூட்டாளி, அவனைப் பழிவாங்கிவிட்டேன். எங்கள் அறைக்குப் பக்கத்திலுள்ள இலையுதிர் காட்டுக்கு அபூர்வமான வலசைக் குருவி ஒன்று வந்திருந்தது.

"எங்கடா இருக்கு?" என்றான்.

"சதுப்புப் பக்கம் போ."

அவன் முழங்கால் சேற்றில் காத்துக் கிடக்க, நான் காட்டின் மறுகோடியில் அதைப் படமெடுத்தேன். பெரிதாக அச்சிட்டு அவன் கட்டிலுக்கு நேர்மேலே ஒட்டினேன்.

"நீயெல்லாம் மனுஷனா?" என்றான்.

"நீ கத்துக்குடுத்ததுதான்" என்றேன். வயிறு குளிர்ந்தது.

இப்போது பேச்சுவார்த்தை இல்லை. இங்கே தமிழ் பேச வேறு ஆளும் இல்லை. கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அவன் மன்னிப்புக் கேட்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். அதனால் ஞாயிறன்று போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் கிடங்கு வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்