மஞ்சள் கொடிக்கு இப்பால்

கொலம்பியா ஆற்றங்கரை,
மே 1903

அன்புள்ள ஹில்யாவுக்கு,

தாவெத்தி எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை ஓடுகிறது. பாதி உலகத்தைக் கடந்து வந்தவனை, உன் ஊருக்கு எதிர்க்கரையில் மடக்கி உட்கார வைத்துவிட்டார்கள். அலுப்பாக இருக்கிறது.

நோய் இல்லையென்று பார்த்த பிறகுதான் கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடுவார்களாம். முன்பு மீனை டப்பாவில் அடைத்த ஆலை இது. இப்போது எங்களை அடைத்திருக்கிறார்கள். நோய் ஒழியக் கப்பலுக்குள் கந்தகம் புகைகிறது. எங்கள் துணிமணிகளைப் பெரிய இரும்பு அறையில் போட்டு ஆவியில் வேகவைத்தார்கள்.

துணியை எடுத்த பின்னும் அறையில் ஆவி அடங்கவில்லை. அதைக் கண்டால் நம் ஊர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "அட, நமக்காக சவுனா போட்டு வச்சிருக்கான்யா மவராசன்!" என்றார் கப்பலில் கூட வந்த கிழவர் ஹெய்க்கி. நாலு பேர் உரித்துப் போட்டுவிட்டு ஆவிக் குளியலுக்கு உள்ளே உட்கார்ந்தோம். ஊரில் மாதிரி முதுகில் அடித்துக்கொள்ள பிர்ச் மரக் கிளைக்கு எங்கே போவது? துடைப்பம் கிடைத்தது. "தாவெத்தி, இந்தத் தொந்திக்குத் தனி டிக்கெட் வாங்கினியாடா?" என்று ஹெய்க்கி என்னை வேறு வாரினார்.

வெளியே வந்தால் எதிரே டாக்டர். அம்மணமாக, கோடு கோடாகச் சிவந்து நின்ற எங்களைக் கண்டு, ஏதோ புதுக் காய்ச்சல் என்றே முடிவு கட்டிவிட்டார். மொழிபெயர்க்க வேண்டிய சுவீடன்காரனுக்கோ சிரிப்பில் பேச்சே வரவில்லை. விஷயம் விளங்குவதற்குள், கப்பலில் வந்த அத்தனை பேர் வாயிலும் காய்ச்சல் பார்க்கும் குழாயை வைத்தாயிற்று.

எங்கள் நாலு பேருக்கும் ஒன்றுமில்லை. ஹில்யா, நம் குட்டி லெம்பிக்குத்தான் காய்ச்சல் இருந்தது. குளிருது என்று போர்வைக்குள்ளேயே கிடந்தாள். கடல் பயணத்து அசதி என்று நினைத்தேன்.

அவளை ஆற்றுக்குள் மரத்தூண்கள் மேல் நிற்கும் தனி வீட்டில் வைத்திருக்கிறார்கள். கெஞ்சிக் கூத்தாடி நானும் கூட வந்துவிட்டேன். எங்கள் கூத்து அவளுக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா, தெரியவில்லை. கண் திறக்கும்போதெல்லாம் உன் கரையைக் காட்டி, "அப்பா, இதுல எது அம்மா வீட்டுப் புகை?" என்பாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன். இன்று காலையிலிருந்து கேட்கவில்லை.

உன் தம்பியின் படகில் ஞாயிற்றுக்கிழமை வா. மஞ்சள் கொடி கட்டிய மிதவைக்கு இப்பால் விடமாட்டார்கள்; அங்கேயே எழுந்து நில். நீ புறப்பட்டபோது இவள் கைக்குழந்தை, உன் முகம் தெரியாது. அதனால் தலையில் துணி கட்டாதே. ஜன்னலுக்கு அவளைத் தூக்கி வரப் பார்க்கிறேன். நான் மட்டும் தெரிந்தால் உடனே திரும்பிவிடாதே, ஹில்யா. கொஞ்ச நேரம் நில்.

ஆண்டவர் படகில் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன்,
தாவெத்தி